லெவிட்டவுன்: ஒரே சம்பளத்தில் சொந்த வீடு எப்படி முடிந்தது?

கல்திண்ணை எழுதியது:

ஒரு மாதமாக ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு 'ஐ லவ் லூசி' என்ற பழைய அமெரிக்க நகைச்சுவை டிவி தொடரை முதலிலிருந்து பார்த்துக்கொண்டு வருகிறேன். 1951 அக்டோபரில் தொடங்கிய தொடர். அப்போதெல்லாம் டிவி நாடகங்களை நேரலையாகவே ஒளிபரப்பிவிடுவார்கள். இவர்கள் மூன்று கேமரா வைத்து 35 மி.மீ. படச்சுருளில் எடுத்தார்கள். அதனால்தான் எழுபது வருஷம் கழித்தும் லூசி முகத்தைச் சுளிப்பதுகூட அவ்வளவு தெளிவாகத் தெரிகிறது.

கடைசிப் பருவத்தில், 1957-ல், லூசியும் அவள் கணவன் ரிக்கியும் நியூயார்க் அடுக்குமாடியைக் காலி செய்துவிட்டு கனெக்டிகட்டில் புல்வெளி உள்ள தனி வீட்டுக்குக் குடிபோகிறார்கள். ரிக்கி இசைக்குழு நடத்துகிறவர், பணம் இருந்திருக்கும். ஆனால் அதே காலத்தில் லாரி ஓட்டுகிறவர், ஆலைத் தொழிலாளி, பள்ளி ஆசிரியர் என்று எல்லாருமே இப்படித்தான் புறநகருக்குப் போயிருக்கிறார்கள். தேடியதில் லெவிட்டவுன் என்ற ஊர் கிடைத்தது. நியூயார்க்குக்கு வெளியே, லாங் ஐலண்டில். 1949-ல் அங்கே புது வீட்டின் விலை 7,990 டாலர். 1950-ல் நடுத்தர அமெரிக்கக் குடும்பத்தின் வருஷ வருமானம் சுமார் 3,300 டாலர். ரெண்டரை வருஷச் சம்பளம்!

நான் போன வருஷம் சென்னைக்கு வெளியே ஒரு ஃபிளாட் பார்க்கப் போனேன். விலையைக் கேட்டுவிட்டு மொட்டை மாடியிலேயே நின்று கணக்குப் போட்டேன். சாப்பிடாமல் கொள்ளாமல் சேர்த்தாலும் பதினெட்டு வருஷச் சம்பளம். அதனால்தான் கேட்கிறேன், அவர்களுக்கு அது எப்படி முடிந்தது? தெரிந்தவர்கள் விளக்கமாகச் சொல்லுங்கள்.

வட்டிக்கணக்கு எழுதியது:

வங்கிக் கடன் பிரிவில் இருபது வருஷம் உட்கார்ந்தவன் என்ற உரிமையில் கடன் பக்கத்தை மட்டும் சொல்கிறேன். விலை பாதிக் கதைதான், மீதிக் கதை தவணையில் இருக்கிறது.

1930-களுக்கு முன்னால் அமெரிக்காவில் வீட்டுக் கடன் என்பது பெரும்பாலும் ஐந்து, பத்து வருஷக் கடன். பாதி விலையைக் கையில் கொண்டுவர வேண்டும். தவணை முடியும்போது அசலில் பெரும்பகுதி அப்படியே நிற்கும், புதுக் கடன் வாங்கி அடைக்க வேண்டும். 1929 பங்குச் சந்தைச் சரிவுக்குப் பிறகு புதுக் கடன் கொடுக்க ஆள் இல்லை. வீடுகள் வரிசையாகப் பறிபோயின. அதற்குப் பிறகுதான் அரசு உள்ளே வந்தது. 1934-ல் கூட்டாட்சி வீட்டுவசதி நிர்வாகம் அமைந்தது. அது கடன் கொடுக்கவில்லை, வங்கி கொடுக்கும் கடனுக்குக் காப்பீடு கொடுத்தது. வாங்கியவர் கட்டாவிட்டால் வங்கிக்கு நஷ்டம் இல்லை. அந்தத் தைரியத்தில்தான் வங்கிகள் இருபது, முப்பது வருஷத் தவணைக்கும் குறைந்த முன்பணத்துக்கும் இறங்கி வந்தன.

அப்புறம் 1944 ஜூனில் ரூஸ்வெல்ட் கையெழுத்திட்ட படைவீரர் சட்டம். போரிலிருந்து திரும்பியவருக்குப் படிப்புச் செலவு, வேலை கிடைக்கும்வரை உதவித்தொகை, வீட்டுக் கடனுக்கு அரசு உத்தரவாதம். 1952-க்குள் ஏறக்குறைய 24 லட்சம் வீட்டுக் கடன்கள் அந்த உத்தரவாதத்தில் போயின. லெவிட்டவுனில் முன்னாள் படைவீரர் முன்பணமே இல்லாமல் மாதம் 58 டாலர் கட்டி வீடு வாங்கினார். நகரத்தில் இருட்டு அறைக்குக் கொடுத்துவந்த வாடகையைவிடப் பலருக்கு இது குறைவு. பிறகு எந்த மனுஷன் வாங்காமல் இருப்பான்?

"அந்தக் காலத்து அமெரிக்கர்கள் உழைத்து முன்னேறினார்கள்" என்று பொதுவாகச் சொல்வார்கள். உழைத்தார்கள், மறுக்கவில்லை. ஆனால் அந்த உழைப்புக்குக் கீழே அரசு ஒரு பாய் விரித்திருந்தது. விழுந்தாலும் அடிபடாது. என் மேசைக்கு எதிரே வந்து உட்கார்ந்த எத்தனையோ பேருக்கு அந்தப் பாய் இருந்ததில்லை. நல்ல மனிதர்களைக் கையை விரித்து அனுப்பியிருக்கிறேன். அதனால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

பழையபேப்பர் எழுதியது:

வட்டிக்கணக்கு ஐயா சொன்னது முழுக்கச் சரி. நான் கட்டிய விதத்தைப் பற்றிச் சொல்கிறேன். இந்த விஷயத்தில் எனக்குத் தீராத ஆர்வம்.

போர் முடிந்தபோது வீட்டுப் பஞ்சம் பயங்கரம். 1930-களின் மந்தத்திலும் பிறகு போரிலுமாகப் பதினைந்து வருஷம் சரியாக வீடே கட்டவில்லை. திரும்பி வந்தவர்கள் மாமியார் வீட்டுக் கூடத்திலும், ராணுவத்தின் தகரக் கொட்டகைகளிலும், டிராம் பெட்டிகளிலும் குடும்பம் நடத்தினார்கள்.

லெவிட்டவுனைக் கட்டிய லெவிட் குடும்பம் என்றால் அப்பா ஆபிரகாம், மூத்தவர் வில்லியம், இளையவர் ஆல்ஃபிரட். அப்பாவுக்குச் செடிகொடி, ஆல்ஃபிரட்டுக்கு வரைபடம், வில்லியமுக்கு வியாபாரம். போரின்போது வர்ஜீனியாவின் நார்ஃபோக்கில் பாதுகாப்புத் தொழிலாளர்களுக்கு அவசரமாக வீடு கட்டிக் கொடுத்த அனுபவம் இருந்தது. வில்லியம் கடற்படையின் கட்டுமானப் பிரிவிலும் இருந்தவர். லாங் ஐலண்டில் உருளைக்கிழங்கு வயல்கள் ஒரு வகை நூற்புழுவால் கெட்டுப்போய் மலிவாக விலைக்கு வந்தன. அங்கேதான் இறங்கினார்கள்.

வீடு கட்டும் வேலையை 27 படிகளாகப் பிரித்தார்கள். கார் ஆலையில் கார் நகரும், ஆள் நிற்பான். இங்கே வீடு நிற்கும், ஆட்கள் நகர்வார்கள். ஒரு குழு காங்கிரீட் தரை போட்டுவிட்டு அடுத்த மனைக்குப் போகும். பின்னாலேயே மரச்சட்டம் நிறுத்துகிற குழு வரும். வெள்ளைப் பெயிண்ட் அடிக்கிறவர் வெள்ளை மட்டும்தான் அடிப்பார், சிவப்புக்கு வேறு ஆள். லாரி ஒவ்வொரு 60 அடிக்கும் ஒரே மாதிரியான சாமான் கட்டு ஒன்றை இறக்கிக்கொண்டே போகும். கலிஃபோர்னியாவில் சொந்த மர ஆலை, ஆணிகூடச் சொந்தத் தயாரிப்பு. தொழிற்சங்கம் இல்லாத ஆட்கள், எத்தனை துண்டு வேலை முடித்தார்களோ அத்தனைக்குக் கூலி. உச்சத்தில் ஒரு நாளைக்கு முப்பதுக்கும் மேற்பட்ட வீடுகள் முடிந்தன. நாலே வருஷத்தில் 17,000-க்கும் மேல்.

அந்தத் தரை விஷயம் சுவாரசியமானது. அந்தப் பகுதிக் கட்டட விதிப்படி வீட்டுக்கு நிலவறை கட்டாயம். லெவிட்டின் வீட்டில் நிலவறை கிடையாது. 1947 மே மாதம் நடந்த விசாரணைக்கு முன்னாள் படைவீரர்கள் கூட்டமாகப் போய் நின்றார்கள். விதி மாறியது. அக்டோபரில் முதல் 300 குடும்பங்கள் குடியேறின.

கல்திண்ணைக்கு ஒரு சின்னத் திருத்தம். முதலில் விற்கவில்லை, வாடகைக்குத்தான் விட்டார்கள், மாதம் சுமார் 60 டாலர். பிறகுதான் விற்பனை. 1949 மார்ச்சில் ஒரே நாளில் 1,400 ஒப்பந்தங்கள் போட்டார்கள். சிலர் நாலு நாளாக வரிசையில் நின்றிருந்தார்களாம்.

ஹிக்ஸ்வில்வாசி எழுதியது:

என் பெயரே சொல்லும். லெவிட்டவுனிலிருந்து காரில் பத்து நிமிஷம். ஆறு வருஷத்துக்கு முன்னால் அங்கே ஒரு வீட்டின் மாடியில் வாடகைக்கு இருந்தேன். எங்கள் வீடு 1948-ல் கட்டிய கேப் காட் வகை, அதாவது சரிவுக் கூரை போட்ட சின்ன வீடு.

முதலில் அளவு. மூல வீடு 750 சதுர அடிதான். ஒரு கூடம், சமையலறை, ரெண்டு படுக்கையறை, ஒரு குளியலறை, மேலே பூசாத பரண். "குழந்தை பிறந்தால் பரணை அறையாக்கிக்கொள்" என்கிற ஏற்பாடு. மனை 60-க்கு 100 அடி. வீடு முழுக்கப் பின்னால் வந்தவர்கள் இடித்து, நீட்டி, உயர்த்தி வைத்திருந்தார்கள். மாடிப்படியின் அடியில் மட்டும் பழைய பலகைச் சுவர் ஒன்று மிச்சம் இருந்தது. அதைத் தொட்டுப் பார்க்கிறபோதெல்லாம் எனக்கு என்னவோ செய்யும்.

தரை பற்றிப் பழையபேப்பர் சொன்னார். அந்தக் காங்கிரீட்டுக்குள் செம்புக் குழாய் சுருள் சுருளாகப் போகும். கொதிகலன் வெந்நீரை அதில் ஓட்டும். தரையே கணப்பு. ஜனவரியில் வெளியே பனி கொட்டும்போது வீட்டுக்காரப் பாட்டி வெறுங்காலோடு சமையலறையில் நின்று ரொட்டி வாட்டுவார். எண்பதைத் தாண்டியவர். அவர்கள் வீட்டில் தரைச் சூடு அப்போதும் பாதி வீட்டுக்கு வேலை செய்தது. மீதிப் பாதியில் குழாய் ஒழுகித் தரையை உடைக்க வேண்டியதாகி, சுவரோரம் புதுக் கணப்பு வைத்துவிட்டார்கள். அந்த ஊரில் நிறைய வீடுகளில் இதே கதைதான்.

பாட்டி சொன்ன ஒன்றை மறக்க முடியாது. புரூக்ளினில் ஆறு பேர் ரெண்டு அறையில் இருந்தார்களாம். இங்கே வந்த முதல் ராத்திரி கணவர் ஒவ்வொரு அறைக்கும் போய் விளக்கைப் போட்டுப் போட்டு அணைத்தாராம். குடிசை மாதிரி, பெட்டி மாதிரி, ஒரே அச்சு என்று அறிவாளிகள் எழுதினார்கள். அவருக்கு அது அரண்மனை.

மழைக்காகம் எழுதியது:

பாட்டி கதை அருமை. ஆனால் கல்திண்ணை கேட்ட "எல்லாரும்" என்ற சொல்லில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. இதுவரை யாரும் தொடவில்லை.

லெவிட்டவுன் வாடகை ஒப்பந்தத்தில் 25-ம் பிரிவு என்று ஒன்று இருந்தது. காக்கேசிய இனத்தை, அதாவது வெள்ளை இனத்தைச் சேராத யாரும் அந்த வீட்டில் குடியிருக்கவோ அதைப் பயன்படுத்தவோ கூடாது, வீட்டு வேலையாட்கள் மட்டும் விலக்கு. கூட்டிப் பெருக்க வரலாம், குடிவரக் கூடாது. இதை ஒரு தனி முதலாளியின் கெட்ட புத்தி என்று ஒதுக்கிவிட முடியாது. வட்டிக்கணக்கு ஐயா சொன்ன அதே அரசு நிறுவனம்தான் கடன் காப்பீட்டுக்கு இப்படிப்பட்ட இனத் தடையைப் பரிந்துரைத்தது. கருப்பினத்தவர் வாழும் பகுதிகளை வரைபடத்தில் சிவப்பாக அடையாளமிட்டு, அங்கே கடன் கொடுப்பது ஆபத்து என்று எழுதி வைத்தார்கள்.

ஒரு கணக்கு சொல்கிறேன். 1947-ல் மிசிசிப்பியின் 13 நகரங்களில் படைவீரர் சட்டத்தின்கீழ் உத்தரவாதம் பெற்ற கடன்கள் 3,229. அதில் கருப்பினப் படைவீரர்களுக்குப் போனவை இரண்டு. இரண்டாயிரம் இல்லை, இரண்டே இரண்டு. நார்மண்டியில் பாரம் சுமந்தவர்கள், இத்தாலியில் விமானம் ஓட்டியவர்கள் எல்லாம் அந்தப் படையில் இருந்தார்கள்.

1948 மே மாதம் உச்ச நீதிமன்றம், செயின்ட் லூயிஸ் நகரத்து ஷெல்லி குடும்பத்தின் வழக்கில், இப்படிப்பட்ட தடைகளை நீதிமன்றம் நிறைவேற்றித் தராது என்று சொல்லிவிட்டது. லெவிட் பிரிவை எழுத்திலிருந்து எடுத்தார், நடைமுறையிலிருந்து எடுக்கவில்லை. ஒரு கருப்பினக் குடும்பத்துக்கு விற்றால் வெள்ளையர்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் வாங்க வர மாட்டார்கள் என்று வெளிப்படையாகவே சொன்னார். அவர் யூதர், ரபி என்கிற யூத மதகுரு ஒருவரின் பேரன். யூதர்களுக்கே பல குடியிருப்புகளில் அப்போது இடம் கிடையாது. அது தெரிந்த மனிதர் இதைச் செய்தார் என்பதுதான் எனக்கு ஆறவில்லை.

கல்திண்ணை எழுதியது:

இதை எதிர்பார்க்கவில்லை. தொடரைப் பார்க்கும்போது தெருவில் யார் இல்லை என்று நான் கவனிக்கவே இல்லை. "எல்லாரும்" என்று எழுதியதற்கு வருந்துகிறேன்.

ஒரு சந்தேகம். அந்த ஒப்பந்தப்படி நம் ஆட்கள் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

ஹிக்ஸ்வில்வாசி எழுதியது:

இதை நானும் யோசித்திருக்கிறேன். 1923-ல் பகத் சிங் திண்ட் என்ற பஞ்சாபியர், மானிட இயல் கணக்குப்படி தான் காக்கேசியர்தான், குடியுரிமை கொடுங்கள் என்று வழக்காடினார். அமெரிக்க உச்ச நீதிமன்றம், புத்தகக் கணக்கு எங்களுக்கு வேண்டாம், சாதாரண மனிதர் கண்ணுக்கு நீங்கள் வெள்ளையர் இல்லை என்று மறுத்துவிட்டது. ஆக, விற்பனை மேசையில் உட்கார்ந்திருந்தவர் என்ன சொல்லியிருப்பார் என்று ஊகிக்கலாம். ஆனால் கேள்வி எழுந்திருக்கவே வாய்ப்புக் குறைவு. 1946 சட்டப்படி இந்தியாவிலிருந்து குடியேற வருஷத்துக்கு நூறு பேருக்குத்தான் இடம். தமிழர்கள் கணிசமாக வந்தது 1965 சட்டத்துக்குப் பிறகுதான். இன்று ஹிக்ஸ்வில்லில் இட்லி மாவு கிடைக்கிறது. 1968-ல் வந்த நியாயமான வீட்டுவசதிச் சட்டம் இல்லாவிட்டால் எனக்கு அந்த மாடி வாடகைக்குக் கிடைத்திருக்காது. அந்தச் சட்டத்துக்காகத் தெருவில் இறங்கியவர்கள் கருப்பின மக்கள். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்வது நம் கடமை என்று நினைக்கிறேன்.

இரவுரயில் எழுதியது:

மழைக்காகம் சொன்னது உண்மைதான். ஆனால் அதற்காக ஒரு தலைமுறையின் சந்தோஷத்தை முழுக்கக் குற்றம் ஆக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். ஹிக்ஸ்வில்வாசியின் பாட்டி வீட்டுக்காரர் விளக்கைப் போட்டு அணைத்தது பொய்யா? லெவிட் அந்த ஊரில் நீச்சல் குளங்கள் வெட்டினார், வீட்டுக்கு வீடு பழமரம் நட்டார், பிள்ளைகள் விளையாட மைதானம் விட்டார். தொழிலாளி வீட்டுப் பிள்ளை நீச்சல் குளத்தில் குதித்தது அதுதான் முதல் தடவை.

லூயிஸ் மம்ஃபோர்டு போன்ற பெரிய எழுத்தாளர்கள் இந்த ஊர்களை ஒரே அச்சு, உயிரில்லாதது என்று திட்டினார்கள். அதே நேரத்தில் ஹெர்பர்ட் கான்ஸ் என்ற சமூகவியலாளர் 1958-ல் லெவிட் நியூ ஜெர்சியில் கட்டிய இன்னொரு லெவிட்டவுனில் வீடு வாங்கி ரெண்டு வருஷம் குடியிருந்தே பார்த்தார். அங்கே இருந்தவர்களில் பெரும்பாலோர் தங்கள் வாழ்க்கையில் திருப்தியாகத்தான் இருந்தார்கள் என்று எழுதினார். தூரத்திலிருந்து பார்த்தவரை நம்புவதா, தெருவில் குடியிருந்தவரை நம்புவதா?

மழைக்காகம் எழுதியது:

கான்ஸைத்தான் நம்புவேன், சந்தேகமே இல்லை. சந்தோஷம் பொய் என்று நான் சொல்லவில்லை. அந்தச் சந்தோஷம் அரசுப் பணத்தில் வந்தது, எல்லாருடைய வரியிலிருந்தும் வந்தது, சிலருக்கு மட்டும் கொடுக்கப்பட்டது. அந்த வீடு அடுத்த இருபது வருஷத்தில் பல மடங்கு விலை ஏறியது. அதை அடகு வைத்துப் பிள்ளையைக் கல்லூரிக்கு அனுப்பினார்கள். வாடகை வீட்டிலேயே நிறுத்தப்பட்டவர் பிள்ளைக்கு எதை அடகு வைப்பார்?

கான்ஸ் இருந்த அந்த ஊரிலும் 1958-ல் வெள்ளையருக்கு மட்டும்தான் விற்பேன் என்று லெவிட் அறிவித்தார். வழக்குப் போட்டுத்தான் 1960-ல் கதவு திறந்தது.

சாயங்காலம் எழுதியது:

தாமதமாக வருகிறேன், மன்னிக்கவும். வீடு, கடன், இனம் எல்லாம் பேசிவிட்டீர்கள். அந்த வீட்டுக்குள் பகல் முழுக்க இருந்தவளைப் பற்றி ஒரு வரிகூட இல்லையே.

போர்க்காலத்தில் லட்சக்கணக்கான பெண்கள் விமான ஆலையிலும் கப்பல் கட்டும் தளத்திலும் வேலை பார்த்தார்கள். ஆண்கள் திரும்பியதும் அவர்களை வீட்டுக்கு அனுப்பினார்கள். 1950-ல் பெண்ணின் சராசரித் திருமண வயது இருபதுதான். 1946-லிருந்து 1964 வரை பிறந்த குழந்தைகள் 7 கோடியே 60 லட்சம். கணவர் காலையில் ஒரே காரை எடுத்துக்கொண்டு போய்விடுவார். லெவிட்டவுனில் ரயில் நிலையம் கிடையாது. அம்மா இல்லை, அக்கா இல்லை, பழகிய தெரு இல்லை. கான்ஸின் புத்தகத்திலேயே சொந்தபந்தத்தைப் பிரிந்து தனிமைப்பட்ட பெண்கள் வருகிறார்கள், இரவுரயில் அண்ணா.

ஆல்ஃபிரட் லெவிட் 1949 வீட்டில் சமையலறையைத் தெருப்பக்கம் கொண்டுவந்தார், கூடத்தைப் பின்னால் தள்ளிப் பெரிய கண்ணாடி ஜன்னல் வைத்தார். விதிகளும் இருந்தன. புல்லை வாரம் ஒரு தடவை வெட்ட வேண்டும், இல்லாவிட்டால் லெவிட் ஆள் அனுப்பி வெட்டிவிட்டுச் செலவை வசூலிப்பார். வேலி போடக் கூடாது. கொடி கட்டித் துணி காயப்போடக் கூடாது, குடை மாதிரி மடக்குகிற கம்பிதான், அதுவும் ஞாயிற்றுக்கிழமை கூடாது. 1950 மாடலில் மாடிப்படிச் சுவருக்குள் பன்னிரண்டரை அங்குல அட்மிரல் டிவியைப் பதித்தே கொடுத்தார்கள். பெண்டிக்ஸ் துணி துவைக்கும் மெஷினும் உண்டு. எல்லாம் இருந்தது. 1963-ல் பெட்டி ஃபிரீடன் என்ற பெண்ணுரிமை எழுத்தாளர், இப்படி வீட்டுக்குள் இருந்த பெண்களின் சொல்லத் தெரியாத குறையை 'பெயரில்லாத பிரச்சினை' என்று எழுதியபோது லட்சக்கணக்கான பெண்கள் அதைத் தங்கள் கதையாகப் படித்தார்கள்.

இது எனக்கு ஏன் இவ்வளவு நெருக்கம் என்றால், நான் கணவரின் வேலை விசாவை ஒட்டிக் கிடைக்கும் சார்பு விசாவில் டெக்சஸுக்குப் போனவள். நாலு வருஷம் வேலைக்குப் போக அனுமதி இல்லை. கார் ஒன்றுதான், ஒன்பது மணிக்குப் போய்விடும். தெருவில் நடைபாதைகூட இல்லை. சமையலறை ஜன்னலில் நின்றால் எதிர்வீட்டு கராஜ் கதவு தெரியும். அது திறந்தால் மணி ஆறு. பாத்திரம் கழுவும் மெஷின் இருந்தது, நான் கையால்தான் கழுவுவேன், பொழுது போக வேண்டுமே. ஊரில் கேட்டால் "உனக்கென்ன குறை" என்பார்கள். நிஜமாகவே சொல்லத் தெரியாது என்ன குறை என்று. அந்த 1950-களின் பெண்ணை நான் பார்த்ததில்லை, ஆனால் அவள் நின்ற ஜன்னலில் நின்றிருக்கிறேன்.

கல்திண்ணை எழுதியது:

சாயங்காலம் அக்கா, இதைப் படித்துவிட்டு லூசியை வேறு மாதிரிப் பார்க்கிறேன். அவள் ஒவ்வொரு வாரமும் வீட்டை விட்டு வெளியேறி மேடையில் ஏறத்தானே துடிக்கிறாள்! கணவன் விடமாட்டான், மாட்டிக்கொள்வாள், முடிவில் மன்னிப்பு. சிரித்துக்கொண்டே அதைத்தான் சொன்னார்களோ என்னவோ.

1953 ஜனவரி 19 அன்று லூசிக்குக் குழந்தை பிறக்கும் பகுதி வந்தது. 4 கோடியே 40 லட்சம் பேர் பார்த்தார்கள். மறுநாள் ஐசனோவர் அதிபராகப் பதவியேற்றதை 2 கோடியே 90 லட்சம் பேர். அந்தப் பருவம் முழுக்கக் கர்ப்பம் என்ற சொல்லையே உச்சரிக்க விடவில்லை, கணவன் மனைவிக்குத் தனித்தனிக் கட்டில். 1950-ல் நூற்றுக்கு ஒன்பது வீடுகளில் இருந்த டிவி 1960-ல் 87 வீடுகளில். நாடு முழுக்க ஒரே நேரத்தில் ஒரே வீட்டைப் பார்த்தது, அதையே நல்ல வீடு என்று மனதில் வாங்கிக்கொண்டது.

இரவுரயில் எழுதியது:

டிவி பேசினீர்கள், ரேடியோவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எனக்கு அந்தக் காலத்தில் மிகவும் பிடித்தது அதுதான்.

பெற்றோர் டிவிக்குப் போனதும் ரேடியோ பிள்ளைகள் கைக்கு வந்தது. நாஷ்வில்லில் டபிள்யூ.எல்.ஏ.சி. என்று 50,000 வாட் நிலையம். ராத்திரியானால் கருப்பினக் கலைஞர்களின் ரிதம் அண்ட் ப்ளூஸ் இசைத்தட்டுகளைப் போடுவார்கள். இரவில் அலை வெகுதூரம் போகும், நாட்டின் கிழக்குப் பாதியில் பல இடங்களில் கேட்கும். 1954-ல் சட்டைப் பைக்குள் அடங்கும் டிரான்சிஸ்டர் ரேடியோ வந்தது, 49 டாலர் 95 சென்ட். தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு, வெள்ளையருக்கு மட்டுமான தெருவில் இருந்த பையன், தன் தெருவில் வீடு வாங்க முடியாதவரின் பாட்டைக் கேட்டான்.

அதே 1954 ஜூலையில் மெம்ஃபிஸின் சன் ஸ்டுடியோவில் எல்விஸ் பிரெஸ்லி பதிவு செய்த முதல் வெற்றிப் பாட்டு ஆர்தர் கிரடப் என்ற கருப்பின ப்ளூஸ் பாடகருடையது. 'ஹவுண்ட் டாக்' பாட்டை அவருக்கு முன்னால் பிக் மாமா தார்ன்டன் பாடிவிட்டார். 1956 செப்டம்பரில் எட் சல்லிவன் நிகழ்ச்சியில் எல்விஸைச் சுமார் 6 கோடிப் பேர் பார்த்தார்கள். கிரடப் தனக்குச் சேர வேண்டிய ராயல்டியை முழுசாகப் பார்க்காமலே இறந்தார். எல்விஸை நான் உயிராக நேசிக்கிறேன். இருந்தாலும் இதைச் சொல்லத்தான் வேண்டும். மழைக்காகம், நீங்கள் சொன்ன அந்தக் கடன் கணக்கு ராத்திரி முழுக்க மனதை அரித்தது.

மழைக்காகம் எழுதியது:

நன்றி அண்ணா. கடைசியாக ஒரு குடும்பத்தைப் பற்றி எழுதிவிடுகிறேன். முதலிலேயே எழுதியிருக்க வேண்டியது.

பென்சில்வேனியாவில் லெவிட்டின் ரெண்டாவது ஊர், 1952-ல் தொடங்கியது. 1957 ஆகஸ்டில் டீப்கிரீன் லேனில் 43-ம் எண் வீட்டுக்கு பில் மையர்ஸ், டெய்சி மையர்ஸ், மூன்று குழந்தைகள் குடிவந்தார்கள். பில் போரில் இருந்தவர், குளிர்சாதனப் பொறி வேலை தெரிந்தவர். டெய்சி ஆசிரியப் படிப்பு படித்தவர். லெவிட்டிடம் வாங்கவில்லை, முன்னால் இருந்தவரிடம் வாங்கினார்கள். ஊரில் அதுதான் முதல் கருப்பினக் குடும்பம்.

அன்று சாயங்காலமே கூட்டம் கூடிவிட்டது. நூற்றுக்கணக்கில். பெரிய கண்ணாடி ஜன்னலில் கல் விழுந்தது. சாயங்காலம் அக்கா சொன்ன அதே மாதிரி ஜன்னல். ராத்திரிக்கு ராத்திரி வந்தார்கள். உள்ளூர்ப் போலீஸ்காரர் ஒருவர் கல்லடி பட்டு மயங்கி விழுந்தார். ஆளுநர் மாநிலக் காவல் படையை அனுப்பினார். பின்பக்கத்து வீட்டைப் பிடித்துக்கொண்டு அடிமை முறைக்காக உள்நாட்டுப் போர் நடத்திய தெற்கு மாநிலங்களின் கொடியை ஏற்றிப் பாட்டை அலறவிட்டார்கள். பக்கத்து வீட்டு வெக்ஸ்லர் குடும்பம் ஆதரவாக நின்றதற்காக அவர்கள் புல்வெளியில் மிரட்டலாகச் சிலுவை கொளுத்தினார்கள். ஒரு அண்டைவீட்டுக்காரர் பத்திரிகையிடம் சொன்னாராம்: நல்ல மனிதராகத்தான் இருப்பார், ஆனால் அவரைப் பார்க்கிறபோதெல்லாம் என் வீட்டு மதிப்பில் 2,000 டாலர் குறைவதுதான் தெரிகிறது. வட்டிக்கணக்கு ஐயா, அந்தப் பாய் என்ன வேலை செய்தது பாருங்கள். வீடு சேமிப்பாகிவிட்டது, பக்கத்து வீட்டுக்காரன் நஷ்டமாகத் தெரிந்தான்.

வட்டிக்கணக்கு எழுதியது:

படித்தேன். பதில் எழுத வார்த்தை வரவில்லை. கடன் கொடுக்கிறவர்கள் அந்த மதிப்பீட்டுத் தாளை எழுதியபோது இதையும் சேர்த்தே எழுதினார்கள்.

அவர்கள் எவ்வளவு காலம் அந்த வீட்டில் இருந்தார்கள்?

மழைக்காகம் எழுதியது:

1961 வரை இருந்தார்கள், ஐயா. மாநில அரசின் தலைமை வழக்கறிஞரான அட்டர்னி ஜெனரல் நீதிமன்றத்துக்குப் போய்த் தடை உத்தரவு வாங்கிய பிறகு தெரு ஓய்ந்தது. அந்த வாரங்களில் சில அண்டை வீட்டுக்காரர்களும் குவேக்கர் என்ற கிறிஸ்தவ சபையைச் சேர்ந்தவர்களும் முறைவைத்து வந்து அவர்களோடு கூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள், பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டார்கள். 1999 டிசம்பரில் அந்த நகராட்சியின் மேயர் டெய்சியை வரவழைத்து ஊர் சார்பில் மன்னிப்புக் கேட்டார். பில் அதற்குள் இறந்திருந்தார். நகராட்சிக் கட்டடத்துக்கு முன்னால் நின்ற கிறிஸ்துமஸ் மரத்துக்கு 'மிஸ் டெய்சி' என்று பெயர் வைத்தார்கள். 2011-ல் டெய்சியும் காலமானார்.